நல்ல தண்ணியும் கடைசிக் குழாயும்

போன ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் வளவில் வீட்டுக்கு ஒருவர் என்கிற கணக்கில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். கீழாநெல்லி தேடிப் பிடுங்கி அரைத்துக் குடித்தார்கள். பக்கத்து ஊரில் காமாலைக்கு மந்திரிக்கிறவரிடம் போனார்கள். மூன்றாவது வாரத்தில்தான் சுகாதாரத் துறையினர் ஒரு வேனில் வந்து வேப்பமரத்தடியில் முகாம் போட்டார்கள். ஆளுக்கொரு துண்டறிக்கை கொடுத்தார்கள். காய்ச்சிய நீரைப் பருகுங்கள், சாப்பிடும் முன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வரியில் ஆறு அறிவுரை. பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் எழுந்து, “சார், தண்ணியை டெஸ்ட் பண்ணீங்களா?” என்று கேட்டான். “அது வேற டிபார்ட்மெண்ட்ங்க தம்பி” என்றார் வந்தவர். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அது வேறு துறைதான்.

என் சித்தி மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். அவளுக்கும் காமாலை கண்டது. பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்து அவள் பிழைத்து வந்தாள். குழந்தை இல்லை. அந்தப் பதினோரு நாளும் வராந்தாவில் உட்கார்ந்து நான் படித்த ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லின. ஹெபடைட்டிஸ் ஈ என்கிற வைரஸ் மலம் கலந்த குடிநீர் வழியாகப் பரவுவது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும். ‘அவளுக்கு உடம்பில் சத்து இல்லை, அதனால்தான்’ என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். துண்டறிக்கை, அவள் கை கழுவவில்லை என்றது. குழாயைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

நான் கொங்குப் பகுதியின் நீர்ப் பங்கீட்டையும் சாதியையும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். பழைய ஆவணங்களில் கிணற்றையும் குளத்தையும் தேடிக்கொண்டிருந்த எனக்கு, என் வீட்டுக் குழாயை ஆய்வுப் பொருளாகப் பார்க்க ஒரு சாவு தேவைப்பட்டது. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கொங்கு நாட்டில் தண்ணீருக்கு இரண்டு பெயர் உண்டு. ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’. சிறுவாணி, பில்லூர், ஆழியாறு என்று ஏதாவது ஓர் ஆற்றுத் திட்டத்தில் குழாய் வழியாக வருவது நல்ல தண்ணி. ஆழ்துளைக் கிணற்றில் இருந்து வருவது உப்புத் தண்ணி, துணி துவைக்க, பாத்திரம் கழுவ. கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று எனக்கு ஆரம்பப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது எது என்று கேட்டதற்கு எந்த ஆசிரியரும் பதில் சொன்னதில்லை. அந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டுதான் வளர்ந்தேன். எங்கள் வளவுக்கு நல்ல தண்ணி 12 நாளைக்கு ஒருமுறை வரும். வந்தால் ஒன்றரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் கலங்கலாக வரும், அதைப் பிடிக்கக் கூடாது என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

அந்தக் கலங்கல் எங்கிருந்து வருகிறது?

ஊருக்குக் குழாய் போட்ட காலத்தில் எங்கள் வளவுக்குப் போடவில்லை. பல வருடம் கழித்து, மனு மேல் மனு கொடுத்த பிறகு, ஊரின் கடைசி வீதியில் இருந்து ஒரு சின்னக் குழாயைக் கிளையாக இழுத்துக் கொடுத்தார்கள். வளவு பள்ளத்தில் இருக்கிறது. கொங்கில் பெரும்பாலான வளவுகள் அப்படித்தான், ஓடைக்கு அந்தப் பக்கம், ஊர்ச் சாக்கடை வந்து சேரும் இடத்தில். ஆக, குழாயும் பள்ளத்தை நோக்கி வருகிறது, சாக்கடையும் பள்ளத்தை நோக்கி வருகிறது. ஒரே குழியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு வருகின்றன. தண்ணீர் விடும் ஒன்றரை மணி நேரம் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். மிச்சமிருக்கும் 12 நாளும் குழாய் காலி. காலிக் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும்போது அதே விரிசல் வழியாக வெளியில் இருப்பது உள்ளே போகும். வெளியில் இருப்பது ஊரின் கழிவு. அடுத்த முறை வால்வு திறந்ததும் அதுதான் முதலில் எங்கள் குடத்துக்கு வருகிறது. ஊரில் வசதியுள்ள வீடுகளில் குழாயிலேயே நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள். சட்டப்படி குற்றம், எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. மேட்டில் ஒரு மோட்டார் ஓடினால் பள்ளத்தில் அழுத்தம் இன்னும் விழும். தண்ணீர் விடும் நேரத்திலேயே சாக்கடையை உள்ளே இழுக்க அது போதும்.

குளோரின் இதற்குத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், 10500 என்கிற எண் கொண்டது, நுகர்வோரின் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், தொட்டியில் அல்ல, குடிக்கிறவரின் குழாயில். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்தவுடன் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் நல்ல மஞ்சள் நிறம் காட்டும். குளோரின் போகிற வழியெல்லாம் அழுக்கோடு சண்டை போட்டுக்கொண்டே போகிறது. கடைசிக் குழாய்க்கு வரும்போது ஒன்றும் மிச்சமிருக்காது. அளவெடுக்க வருகிறவர்கள் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குழாயில் அளந்து பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். பதிவேட்டின்படி எங்கள் ஊராட்சியில் எல்லோரும் பாதுகாப்பான குடிநீர்தான் குடித்தோம், காமாலை வந்த வாரத்திலும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும், “நோய்க்கிருமி சாதி பார்த்தா வருது?” கிருமி பார்ப்பதில்லை. குழாய் பார்க்கிறது. தோட்டத்துக்காரருக்குச் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது, இல்லையென்றால் கேன் வாங்குகிறார். அவர் நல்ல தண்ணியைப் பூச்செடிக்கு விட்டாலும் அவர் உடம்புக்கு ஒன்றும் வராது. எங்களுக்கு அந்த ஒரு குழாய்தான்.

மாசு என்பது இன்றைக்கு அளக்கக்கூடிய விஷயம். அதற்கு மில்லிகிராம் கணக்கு உண்டு, ஆய்வகம் உண்டு, வாரியம் உண்டு. தீட்டு என்பதை அளக்க எந்த ஆய்வகமும் இல்லை. ஆனால் மாசு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீட்டுதான் முடிவு செய்திருக்கிறது.

எங்கள் அவ்வா (எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) கிணற்றைப் பற்றிச் சொல்வார். தோட்டத்துக் கிணற்று மேட்டில் குடத்தை வைத்துவிட்டு எட்ட நிற்க வேண்டும். “பண்ணாடிச்சி, ஒரு கொடம் ஊத்துங்க சாமி” என்று குரல் கொடுக்க வேண்டும். சேந்தி ஊற்றுகிறவர்களுக்கு மனசு வரும்போது ஊற்றுவார்கள். குடத்தில் கயிறோ வாளியோ பட்டுவிடக் கூடாது என்பதற்காக உயரத்தில் இருந்து ஊற்றுவார்கள், பாதி வெளியே போகும். அவ்வா கயிற்றைத் தொட்டால் கிணறு தீட்டு. அதே கிணற்றில் ஊர்ப் பிள்ளைகள் குதித்து நீந்துவார்கள், எருமையைக் கழுவிய தண்ணீர் அதிலேயே இறங்கும். அதெல்லாம் தீட்டில்லை. “தண்ணி நாறும் கண்ணு, ஆனா சுத்தம்” என்று அவ்வா சிரித்துக்கொண்டே சொன்னதை நான் வெகுநாள் வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி தீர்மானம் போட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன, யாரும் இறங்க முடியவில்லை. இறங்கியவர்களை அடித்து விரட்டிய ஆதிக்க சாதியினர் பிறகு குளத்தைச் சுத்தம் செய்தார்கள். எதைக் கொண்டு? 108 குடம் பால், தயிர், மாட்டுச் சாணம், மாட்டு மூத்திரம். குடிநீரில் சாணத்தைக் கரைத்துச் சுத்தம் செய்த அந்த மூளை மகாடோடு முடிந்துபோகவில்லை. அந்த ஒரு குளத்தின் வழக்கு உயர் நீதிமன்றத்தில் 1937 வரை நடந்தது.

நூற்றாண்டு நெருங்கும் நேரத்தில், 2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. எப்படித் தெரிந்தது? பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்து, மருத்துவர் தண்ணீரைப் பார்க்கச் சொன்ன பிறகு. அதற்குள் குடித்தாகிவிட்டது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது, மரபணுச் சோதனைகள் நடந்தன, உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் ஆணையம் அமைத்தது. கடைசியில் 2025 ஜனவரியில், அதே வேங்கைவயலின் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருப்பதாக அரசுத் தரப்பு சொன்னது. விசாரணையை ஏற்க மறுத்து ஊர் மக்களும் கட்சிகளும் இயக்கங்களும் போராடின. வழக்கைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது வேறு. ஒரு சின்ன ஊராட்சிக்குள் ஒரு சமூகத்துக்கு மட்டும் தண்ணீர் போகும் ஒரு தனித் தொட்டி எதற்காக இருந்தது? தனித் தொட்டி இருந்ததால்தானே அதற்குள் போட்டால் யார் குடிப்பார்கள் என்று போட்டவருக்கு, அவர் யாராக இருந்தாலும், உறுதியாகத் தெரிந்திருந்தது? தனிக் கிணறு, தனித் தொட்டி, தனிக் குழாய் என்று சலுகை மாதிரிக் கொடுக்கப்படுவது எல்லாம் தீட்டுக்கு அரசு கட்டிக் கொடுக்கும் கட்டடம்தான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில், பட்டியல் சமூகத்தினர் பயன்படுத்தும் நீர்நிலையை மாசுபடுத்துவது குற்றம் என்று தனியாகவே ஓர் உட்பிரிவு இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு இந்த நாடு தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு கை வேண்டும், அந்தக் கைக்கு ஒரு முகம் வேண்டும். எங்கள் வளவில் யாரும் தொட்டியில் ஏறவில்லை. யாரும் எதையும் கொண்டுவந்து கலக்கவில்லை. வரைபடமே கலக்கிறது, 12 நாளைக்கு ஒருமுறை, தவறாமல். இதில் யார்மீது முதல் தகவல் அறிக்கை போடுவது?

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், தோழர்களே. வேங்கைவயலுக்காக நானும் கோவையில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் நின்றேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன். நின்றது சரி. ஆனால் குளோரின் இல்லாத கடைசிக் குழாய்க்காக நாம் ஒரு துண்டறிக்கைகூட அடித்ததில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மிதந்தால்தான் நமக்குக் கோபம் வருகிறது. கரைந்து வந்தால் அது சுகாதாரப் பிரச்சினை, வேறு டிபார்ட்மெண்ட்.

நொய்யல் கதையை எடுத்துக்கொள்வோம். திருப்பூர்ச் சாயக்கழிவு என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு. பாசனத்துக்காக 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுக் குட்டை ஆகிவிட்டது. அணையைத் திறக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கெஞ்சிய அணை அநேகமாக உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள், விடாமல் போராடினார்கள், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாத தொழில்நுட்பம் கட்டாயம் ஆனது. இது பெரிய வெற்றி, சந்தேகமில்லை.

ஆனால் இந்தச் சண்டையில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஒரு பக்கம் நிலமிழந்த விவசாயி, இன்னொரு பக்கம் பட்டறை முதலாளி. கொங்கில் இந்த இரண்டு பேரும் பெருமளவில் ஒரே சாதி, பல இடங்களில் ஒரே குடும்பம், அண்ணன் தோட்டத்தில், தம்பி பட்டறையில். திருப்பூர் முதலாளிகள் நிலத்தில் இருந்து எழுந்து வந்த கதையை ஷாரத் சாரி விரிவாக எழுதியிருக்கிறார். கெட்டுப்போன நிலத்துக்கு இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. 68 கிராமங்கள், 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள், ஏறத்தாழ 25 கோடி ரூபாய். எதை அளந்து கொடுத்தார்கள்? நிலத்தை. எத்தனை ஏக்கர், மண்ணில் எவ்வளவு உப்பு. அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, அதே தோட்டத்தில் பண்ணையத்துக்குப் போய், பயிர் போனதும் வேலையும் போன அருந்ததியர் குடும்பத்திடம் ஒரு செண்டு நிலம்கூட இல்லை. அந்தப் படிவத்தில் அவர்களுக்கு ஒரு கட்டம் இல்லை. மண் கெட்டதற்குக் கணக்கு இருந்தது, குடித்தவரின் உடம்புக்குக் கணக்கு இல்லை. இதைக் கேட்டால் விவசாயிகளின் போராட்டத்தைக் கொச்சைப்படுத்துவதாகச் சொல்வார்கள். நான் கொச்சைப்படுத்தவில்லை. மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்கிறேன்.

இன்னொன்று. சாயம் ஏற்றுவதற்கு உப்பும் கடினத்தன்மையும் இல்லாத நல்ல நீர் வேண்டும். நொய்யலையும் நிலத்தடி நீரையும் கெடுத்த பிறகு பட்டறைகளுக்கு அது எங்கிருந்து வந்தது? பவானியில் இருந்து. தனியார் பங்கேற்போடு 2000களின் நடுவில் வந்த திருப்பூர்க் குடிநீர்த் திட்டத்தில் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுக்கலாம், அதில் பெரும்பங்கு தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. பனியனுக்கு நல்ல தண்ணி கிடைத்தது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்வது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க அந்நகரின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிக்கும் தன்மை கொண்ட அந்த நீர் பழைய குழாய்களில் இருந்த ஈயத்தைக் கரைத்து வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, இந்தத் தண்ணீர் என் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. மனிதர்கள் இன்னும் ஓராண்டு அதையே குடித்தார்கள். அங்கேயும் முதலில் ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்றுதான் அறிவிப்பு வந்தது. ஈயம் காய்ச்சினால் போகாது. மக்களே பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வீடு வீடாக மாதிரி எடுத்து நிரூபித்தார்கள். 2017இல் அந்த மாநிலத்தின் குடிமை உரிமைகள் ஆணையம் இதற்குக் காரணம் அமைப்புரீதியான இனவெறி என்று அறிக்கையிலேயே எழுதியது. என் ஆய்வுக்காக நான் புரட்டிய தமிழ்நாட்டுக் குடிநீர் அறிக்கைகளில் ‘கடைமடை’ என்ற சொல் வருகிறது, ‘அழுத்தக் குறைவு’ வருகிறது, ‘பழுதடைந்த குழாய்’ வருகிறது. சாதி என்ற சொல் வரவில்லை.

சரி, காய்ச்சிக் குடிப்பதற்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை, காய்ச்சுங்கள். நன்றாகக் கொதித்தால் கிருமியும் வைரஸும் சாகும். சித்தி வீட்டில் இப்போது காய்ச்சாத ஒரு சொட்டு உள்ளே போவதில்லை. ஆனால் ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்க மட்டும் தினமும் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொதிக்க வைத்து ஆற வைக்கக் கேஸ் யார் தருவார்கள்? நல்ல தண்ணி தீர்ந்து உப்புத் தண்ணியைக் குடிக்கிற நாட்களில் காய்ச்சினால் உப்பும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்கு ஆபத்து. 12 நாள் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைப்பதால் டெங்குக் கொசுவும் எங்கள் வீட்டில்தான் முட்டையிடும், அதற்கும் எங்களுக்கே அபராதம். கேன் வாங்கலாம், 20 லிட்டர் கேனைக் கூலிக்குப் போகிற வீட்டில் எத்தனை நாள் வாங்க முடியும்? ஆர்.ஓ. எந்திரம் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவு நீரை வெளியே தள்ளும். அதை வைக்கும் இடமும் ஊருக்குள் தேர்முட்டிக்குப் பக்கத்தில்தான் அமையும், வளவில் அல்ல. 2018இல் கோவை மாநகராட்சி 24 மணி நேரக் குடிநீர் விநியோகத்தை சூயஸ் என்கிற பிரெஞ்சு நிறுவனத்திடம் 26 ஆண்டு ஒப்பந்தமாகக் கொடுத்தது. 24 மணி நேரமும் அழுத்தம் இருந்தால் சாக்கடை உள்ளே வராது என்பது உண்மை, நானே மேலே எழுதியதுதான் அது. ஆனால் அதற்கு மீட்டரும் கட்டணமும் வழி என்றால், பொதுக்குழாயை நம்பி இருக்கிறவர்களுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு இயக்கங்கள் அன்றைக்கே பதில் கேட்டன.

பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தபோது காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார் என்பதை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லையும் எலும்பையும் தின்ற ஃபுளோரைடுக்காக ஒகேனக்கல் திட்டம் வந்து 2013இல் தண்ணீர் விட்டார்கள். முடியாதது எதுவும் இல்லை, அரசு நினைத்தால் மலையேறியும் குழாய் வரும். நாங்கள் கேட்பது அவ்வளவு பெரிதுகூட இல்லை. சாக்கடைக்குழியில் கிடக்கும் அந்தக் கிளைக் குழாயைத் தோண்டி எடுத்து, ஊரின் முதன்மைக் குழாயோடு இரண்டு பக்கமும் இணைத்துச் சுற்றாகப் போடுங்கள். சுற்றாகப் போட்டால் கடைசிக் குழாய் என்று ஒன்றே இருக்காது. இனி எந்த வளவுக்கும் தனித் தொட்டி கட்டாதீர்கள், எங்கள் தண்ணீரும் ஊரின் தண்ணீரும் ஒரே தொட்டியில் இருந்து வரட்டும். ஊர் அதை விரும்பாது, தெரியும். தொட்டி பொதுவானால் அதைக் கழுவ மறப்பவர்களுக்கும் ஞாபகம் வரும். குழாயில் மோட்டார் மாட்டியவர்களிடம் அபராதம் வாங்குங்கள், மேட்டு வீதியில் இருந்து ஆரம்பியுங்கள். தொட்டி இயக்குபவரையும் தூய்மைப் பணியாளரையும் நிரந்தரம் ஆக்குங்கள். கோவையின் சாக்கடையைச் சுத்தம் செய்கிறவர்கள் பெரும்பாலும் எங்கள் சமூகம்தான். ஒப்பந்தக் கூலியில் அவர்கள் அடைப்பெடுக்கும் சாக்கடைதான் மாலையில் அவர்கள் வீட்டுக் குடத்துக்கு வருகிறது.

அப்புறம், அளப்பதை எங்கள் கையில் கொடுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் களப் பரிசோதனைப் பெட்டி தர வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் ஊராட்சியின் பெட்டி அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்ததை நானே பார்த்தேன். பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

பூட்டைத் திறக்கும்வரை காத்திருக்க முடியாது என்று நாங்கள் வேறொன்று செய்தோம். ஹெச்2எஸ் குப்பி என்று ஒன்று இருக்கிறது, குவாலியரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த இந்திய விஞ்ஞானிகள் 1982இல் வெளியிட்ட முறை. மருந்து தோய்த்த காகிதம் போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி. தண்ணீரை ஊற்றி மூடி ஒன்றிரண்டு நாள் அப்படியே வைத்தால் போதும். மலக்கிருமி இருந்தால் தண்ணீர் கறுப்பாகும். வைரஸைக் காட்டாது, உப்பைக் காட்டாது, ஆய்வகச் சான்றுக்கு ஈடாகாது. ஆனால் படிக்காத என் சித்திக்குப் புரியும்.

போன முறை தண்ணீர் விட்ட அன்று பாலிடெக்னிக் தம்பியும் சித்தியும் நானும் பத்து இடத்தில் பிடித்தோம். ஊரில் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு, மேட்டு வீதியில் இரண்டு, எங்கள் வளவில் ஆறு. குப்பிகளைச் சித்தி வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தோம். மறுநாள் சாயங்காலம் வளவின் ஆறில் ஐந்து கறுப்பாகிவிட்டன. ஊரின் நான்கும் தெளிவாக இருந்தன. சித்தி அந்த ஐந்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “இதைத்தான் புள்ளைக்குக் குடுத்தமா?” என்று கேட்டார்.

வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். மனுவோடு பத்துக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு போகிறோம், எந்த வீட்டுக் குழாய் என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி. காலை ஏழரைக்கு வளவில் இருந்து கிளம்பும் பேருந்தில் சித்தியும் வருகிறார்.